அங்கோர் வாட் 3 நாள்: பழைய பயணக் கையேட்டை வைத்துப் போட்ட திட்டம், சரிபார்த்துச் சொல்லுங்கள்

#1 மேகலை_திருச்சி

டிசம்பர் நடுவில் கம்போடியா, சியம் ரீப். நான், கணவர், மாமியார் (66 வயது, முழங்கால் வலி, படி ஏறச் சிரமப்படுவார்), மகன் (10 வயது). முழுதாக 3 நாள். நூலகத்தில் எடுத்த ஓர் ஆங்கிலக் கையேட்டின்படி போட்டது இது:

நாள் 1: அங்கோர் வாட் சூரிய உதயம், பிறகு பாயோன், தா புரோம், மாலை பினோம் பாக்கெங் குன்றில் அஸ்தமனம்.
நாள் 2: பெரிய சுற்று (கோயில்களைச் சுற்றிவரும் 26 கி.மீ. பாதை) முழுவதும், பந்தியாய் ஸ்ரே, கபால் ஸ்பியான்.
நாள் 3: குலேன் மலை, பெங் மீலியா, மாலையில் தோன்லே சாப் ஏரி.

விமான நிலையம் ஊரிலிருந்து 7 கி.மீ. என்று போட்டிருக்கிறது. அதனால் கடைசி நாள் இரவு 8 மணி விமானத்துக்கு 6 மணிக்குக் கிளம்பினால் போதும் என்று நினைக்கிறேன். சரிதானா?

#2 கல்தச்சன்

கடைசி வரியிலேயே உங்கள் புத்தகத்தின் வயது தெரிந்துவிட்டது. 7 கி.மீ. என்பது பழைய விமான நிலையம். 2023 அக்டோபரில் அதை மூடிவிட்டு, ஊருக்குக் கிழக்கே 45–50 கி.மீ. தள்ளிப் புதியதைத் திறந்தார்கள். காரில் ஒரு மணி நேரம் ஆகும். 8 மணி விமானத்துக்கு மாலை 4 மணிக்கே கிளம்பியாக வேண்டும். அப்போது மூன்றாம் நாள் திட்டம் தானாகவே அறுந்துபோகிறது.

எந்தக் கையேடாக இருந்தாலும் திட்டம் போடும் முன் அதன் வயதைப் பாருங்கள். பதிப்புரிமைப் பக்கத்தில் இருப்பது அச்சான வருடம். தகவல் திரட்டியது அதற்கும் ஓராண்டாவது முன்னால் இருக்கும். பக்கம் கிழிந்திருந்தாலும், மின்னூலில் தேதி சரியாகத் தெரியாவிட்டாலும், அங்கோருக்கு உள்ளடக்கத்தை வைத்தே காலம் கணிக்கலாம்:

– பாபுவோன் கோயில் 'சீரமைப்புக்காக மூடல்' என்றால் 2011-க்கு முந்தையது.
– அங்கோர் ஒருநாள் நுழைவுச் சீட்டு 20 டாலர் என்றால் 2017 பிப்ரவரிக்கு முந்தையது. அதன்பின் 37.
– பெங் மீலியாவுக்குத் தனியாக 5 டாலர் என்றால் 2020-க்கு முந்தையது. இப்போது அது அங்கோர் சீட்டுக்குள்ளேயே அடக்கம்.
– விமான நிலையம் 7 கி.மீ. என்றால் 2023 அக்டோபருக்கு முந்தையது.

உங்கள் புத்தகத்தில் சீட்டு விலை என்ன போட்டிருக்கிறது?

#3 மேகலை_திருச்சி

37, 62, 72. பெங் மீலியா தனியாக 5 டாலர்.

#4 கல்தச்சன்

அப்படியென்றால் 2017-க்கும் 2020-க்கும் நடுவில். பரவாயில்லை, சீட்டு விலையாவது பொருந்துகிறது: ஒரு நாள் 37, மூன்று நாள் 62, ஏழு நாள் 72. மூன்று நாள் சீட்டை 10 நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம், தொடர்ந்து போக வேண்டியதில்லை. ஏழு நாள் சீட்டுக்கு ஒரு மாதம் அவகாசம். 12 வயதுக்குக் கீழே இலவசம், ஆனால் பையனின் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஆக, உங்களுக்கு 3 × 62 = 186 டாலர். குலேன் மலைக்கு 20 டாலர், தொலைவில் இருக்கும் கோ கெர் கோயில் தொகுதிக்கு 15 டாலர், இரண்டும் இதில் சேராது.

சீட்டு விற்கும் இடம் கோயில் வாசலில் இல்லை. ஊரிலிருந்து 4 கி.மீ. தள்ளித் தனிக் கட்டடம். அங்கேயே படம் எடுத்துச் சீட்டில் அச்சிட்டுத் தருவார்கள். பழைய வரைபடங்களில் இது அங்கோர் வாட் போகும் சாலையிலேயே இருக்கும், அதை நம்பி விடியற்காலையில் நேரே போனால் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்புவார்கள். அதிகாரபூர்வ இணையதளத்திலும் முன்கூட்டியே வாங்கலாம்.

#5 ஆற்றோரம்

போக்குவரத்துப் பக்கங்களை மொத்தமாகக் கிளிப் போட்டு மூடிவிடுங்கள். அந்தக் காலத்துக் கையேடுகள் எல்லாமே பாங்காக்கிலிருந்து பஸ் பிடித்து, பொய்பெட் எல்லை தாண்டி வருவதைத்தான் மலிவான வழி என்று சொல்லும். 2025 ஜூன் கடைசியில் தாய்லாந்து–கம்போடியா தரைவழிக் கடவைகளை மூடினார்கள், ஜூலையில் எல்லையில் சண்டையே நடந்தது. இரு நாட்டு அறிவிப்புகளையும் பயணத்துக்கு முந்தைய வாரம் பார்க்காமல் தரைவழியை நம்பித் திட்டம் போடக் கூடாது. பயணக் காப்பீட்டிலும் சண்டை நடக்கும் பகுதிக்கு விலக்கு இருக்கும். சின்ன எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். கோலாலம்பூர், சிங்கப்பூர் வழியாக விமானத்தில் போனால் இந்தத் தலைவலி இல்லை.

இன்னொன்று: விமான டிக்கெட் தேடும்போது ஊரின் பழைய விமான நிலையக் குறியீடு ஆர்ஈபி (REP), புதியது எஸ்ஏஐ (SAI). கையேட்டில் பழையதுதான் இருக்கும்.

ஊருக்குள் கிராப், பாஸ்ஆப் என்கிற வாடகை வண்டிச் செயலிகள் இரண்டும் ஓடுகின்றன. கோயில்களுக்கு நாள் வாடகை டுக்டுக் 15 முதல் 25 டாலர் வரை. சூரிய உதயத்துக்கும் பந்தியாய் ஸ்ரேக்கும் தனித் தொகை கேட்பார்கள், அது நியாயம்தான். கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். கிழிந்த, மை பட்ட டாலர் நோட்டை யாரும் வாங்க மாட்டார்கள். 1, 5 டாலர் நோட்டுகள் நிறைய வைத்திருங்கள். மீதிச் சில்லறை கம்போடிய நாணயமான ரியலில் வரும், டாலருக்குச் சுமார் 4,000.

#6 மேகலை_திருச்சி

இவ்வளவும் தப்பென்றால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு யூடியூப் பார்ப்பதே மேல் போலிருக்கிறதே?

#7 கல்தச்சன்

அவசரப்படாதீர்கள் மேடம். தப்பானது பின்பக்கத்து 'நடைமுறைத் தகவல்' பகுதி மட்டும்தான். கோயில்களைப் பற்றிய அத்தியாயங்கள் கெட்டுப்போவதில்லை. அங்கோர் பாதுகாப்புப் பணிக்குத் தலைமை வகித்த மொரிஸ் கிளேஸ் 1944-ல் எழுதிய கையேட்டை இன்றும் விவரம் தெரிந்தவர்கள் கையில் வைத்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். எந்த வாசலில் நுழைவது, எந்தச் சுவரில் என்ன கதை, எந்த வேளையில் எந்தப் பக்கம் வெளிச்சம் விழும் – இவை 80 வருடத்தில் மாறவில்லை. காணொளிகளில் கிடைக்காததும் இதுதான்.

ஒரு உதாரணம். அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். நம்மவர்கள் உள்ளே நுழைந்ததும் பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பி வலம் வரத் தொடங்குவார்கள். அங்கே புடைப்புச் சிற்பத் தொடர் அப்பிரதட்சணமாகத்தான் ஓடுகிறது. மேற்கு வாசலில் ஏறியதும் வலப்பக்கம், அதாவது தெற்கே திரும்புங்கள். முதல் சுவர் குருக்ஷேத்திரம். இடமிருந்து கௌரவர், வலமிருந்து பாண்டவர், அம்புப் படுக்கையில் பீஷ்மர். தெற்குச் சுவரில் முதலில் கோயிலைக் கட்டிய சூரியவர்மனின் படை ஊர்வலம், அடுத்து சொர்க்கமும் நரகமும். கிழக்குச் சுவரின் தென்பாதியில் பாற்கடல் கடைவது, 49 மீட்டர் நீளம்: ஒரு பக்கம் 92 அசுரர், மறுபக்கம் 88 தேவர், நடுவில் திருமால். அதற்குப் பிறகு வடகிழக்குப் பகுதிச் சிற்பங்கள் பல காலம் கழித்துச் செதுக்கியவை, வேலைப்பாடு மட்டம், வேகமாகக் கடந்துவிடலாம். கடைசியாக மேற்குச் சுவரின் வடபாதியில் இலங்கைப் போர். அங்கே நின்று பார்க்கத்தான் நேரம் மிச்சம் வைக்க வேண்டும், பெரும்பாலோர் அதற்குள் களைத்து வெளியேறிவிடுகிறார்கள். தப்பான பக்கம் திரும்பினால் கதை பின்னோக்கி ஓடும், அவ்வளவுதான். ஆனால் பத்து வயதுப் பையனுக்குச் சொல்லிக் காட்டுவது கஷ்டம்.

இதைக் கையேட்டிலிருந்து முந்தின இரவு படித்து, நான்கு சுவருக்கும் நான்கு வரி எழுதிக்கொண்டால் போதும்.

#8 சோழநாடன்

எல்லாம் சரி, இந்த ஆங்கிலக் கையேடுகள் எதிலும் அங்கோர் வாட்டைக் கட்டிய சூரியவர்மன் தமிழ் மன்னன் என்று சொல்வதே இல்லையே. திட்டமிட்டு மறைக்கிறார்களா?

#9 கல்தச்சன்

மறைக்கவில்லை, அது உண்மையில்லை. வாட்சப்பில் சுற்றுவது. இரண்டாம் சூரியவர்மன் கெமர் (கம்போடிய) அரசன், காலம் 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதி. நிஜத் தொடர்பு வேண்டுமென்றால் அதுவே போதுமான அளவு இருக்கிறது: கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது. காம்போஜ (இன்றைய கம்போடியா) அரசன் முதலாம் இராஜேந்திரனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. காம்போஜ அரசன் முதலாம் குலோத்துங்கனுக்குக் கொடுத்த ஒரு கல்லைக் குறித்து 1114-ஆம் ஆண்டுச் சிதம்பரம் கல்வெட்டு பேசுகிறது. மேலே விவாதிக்க வரலாற்றுப் பகுதியில் தனி இழை திறங்கள், இங்கே மேகலை மேடத்தின் நாட்கள் நகரட்டும்.

#10 சுமைதாங்கி

மாமியாரைப் பற்றி யாரும் பேசவில்லை. கையேட்டில் ஒரு கோயிலுக்கு 'ஒன்றரை மணி நேரம்' என்றால் அது தனியாகப் போகும் முப்பது வயதுக்காரருக்கு, காலை வெயிலில். வயதானவரும் குழந்தையும் இருந்தால் ஒன்றரை மடங்கு போடுங்கள், நடுப்பகல் 11.30 முதல் 2.30 வரை அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

படிகள் விஷயம் கையேட்டில் ஓரத்தில் ஒரு வரியாக ஒளிந்திருக்கும்:

அங்கோர் வாட்டின் உச்சி மண்டபம், பாகான் என்பார்கள். படி மிகச் செங்குத்து. ஒரே நேரத்தில் 100 பேர்தான். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம், மேலே துண்டு போர்த்தினால் ஏற்க மாட்டார்கள். 12 வயதுக்குக் கீழே அனுமதியே இல்லை. ஆக, பையன் ஏற முடியாது, மாமியாருக்கும் வேண்டாம். நீங்களும் கணவரும் மாறி மாறிப் போகலாம். பௌத்த விரத நாட்களில் மூடியிருக்கும்.

பினோம் பாக்கெங் குன்று: மேலே ஒரே நேரத்தில் 300 பேர் கணக்கு. டிசம்பரில் மாலை 4 மணிக்கே வரிசை கட்டும். முழங்கால் வலியோடு மலை ஏறி, ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, இருட்டில் இறங்க வேண்டும். திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள். அஸ்தமனம் வேண்டுமென்றால் பிரே ரூப் கோயில், அதுவும் இரவு 7 வரை திறந்திருக்கும். அங்கேயும் மேலே போகச் செங்குத்துப் படிதான், ஆனால் மாமியார் வண்டியிலிருந்து இறங்கியதும் கீழேயே உட்காரலாம்.

தா கியோ கோயிலும் அவருக்கு வேண்டாம். பந்தியாய் ஸ்ரே, பெங் மீலியாவின் மரப்பலகைப் பாதை, பிரியா கோ – இவை சுலபம். தா புரோமில் பெரும்பகுதிக்கு மரப்பாதை உண்டு, வாசலிலிருந்து நடை கொஞ்சம் நீளம்.

#11 நடைவண்டி

கல்தச்சன் சாரிடம் ஒரு மறுப்பு. கையேட்டின் கோயில் வரிசையையும் நம்பக் கூடாது என்பேன். கூட்டம் ஏன் கூடுகிறது? எல்லாக் கையேடும் ஒரே வரிசையைச் சொல்வதால்தான். சூரிய உதயம், அறைக்குப் போய்க் காலை உணவு, 9 மணிக்கு பாயோன், 11-க்கு தா புரோம். சிறிய சுற்று 17 கி.மீ., பெரிய சுற்று 26 கி.மீ. – இந்த இரண்டு வளையமும் பிரெஞ்சுக்காரர் காலத்தில் மோட்டார் வண்டிக்குப் போட்டது. அந்தக் காலத்தில் ஒரு நாளில் பத்துக் கார். இன்று அதே பாதையில் பஸ் பஸ்ஸாக.

கையேட்டில் இருக்கும் நேரங்களை எதிர்மறையாகப் பயன்படுத்துங்கள்: அது எந்த நேரம் எங்கே இருக்கச் சொல்கிறதோ, அந்த நேரம் அங்கே இருக்காதீர்கள். தா புரோம் 7.30-க்குத் திறக்கும், 7.25-க்குக் கிழக்கு வாசலில் நில்லுங்கள், முதல் முக்கால் மணி நேரம் உங்களுடையது. உதயம் பார்த்த கூட்டம் 6.30-க்குக் கலையும்போது வெளியே வராமல் கோயிலுக்குள் போனால் 8.30 வரை சுவர்கள் காலியாக இருக்கும். பாயோனுக்கு மாலை 4 மணிக்கு மேல்.

#12 கல்தச்சன்

இதில் எனக்குப் பாதி உடன்பாடு. வளையத்தைத் திருப்பலாம், ஆனால் காரணம் தெரியாமல் திருப்பக் கூடாது. பந்தியாய் ஸ்ரே கிழக்குப் பார்த்தது. மாலையில் போனால் முகப்பு நிழலில் விழுந்து, அந்தச் செம்மணற்கல்லின் நிறமே தெரியாது. கையேடு காலையில் போகச் சொல்வது வெளிச்சத்துக்காக, அதை மாற்றாதீர்கள். அங்கோர் வாட்டுக்கு நேர்மாறு: காலையில் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால், முகப்பு கருப்பாகத்தான் தெரியும். மேற்குச் சுவர்ச் சிற்பங்களுக்குப் பிற்பகல் 2 மணிக்கு மேல் வெளிச்சம் உள்ளே சாய்ந்து வரும். உதயக் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு 'பார்த்தாயிற்று' என்று டிக் போடும் திட்டங்கள்தான் எனக்கு எரிச்சல்.

#13 மேகலை_திருச்சி

நாள் 2, 3 என்ன ஆகும்? பெரிய சுற்று, பந்தியாய் ஸ்ரே, கபால் ஸ்பியான் மூன்றையும் ஒரே நாளில் வைப்பது அதிகமோ?

#14 ஆற்றோரம்

கணக்குப் போட்டுப் பாருங்கள் அக்கா. ஊரிலிருந்து பந்தியாய் ஸ்ரே சுமார் 35 கி.மீ., டுக்டுக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து கபால் ஸ்பியான் இன்னும் அரை மணி. வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஆற்றுப்படுகைச் சிற்பங்களுக்கு 1.5 கி.மீ. பாறைகளுக்கு நடுவே ஏற்றம். மாமியாருக்கு நிச்சயம் முடியாது. மாலை 3 மணிக்கு மேல் உள்ளே விடவும் மாட்டார்கள். லிங்க வரிசைமேல் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க டிசம்பர் கடைசி எல்லை, மார்ச்சில் போனால் வறண்ட பாறை. இவ்வளவும் முடித்துப் பெரிய சுற்றுக்குத் திரும்பும்போது கோயில்கள் 5.30-க்கு அடைத்துவிடும்.

குலேன் மலைச் சாலை ஒருவழி: நண்பகலுக்கு முன் ஏற மட்டும், அதற்குப் பிறகு இறங்க மட்டும். ஒருமுறை ஏறினால் பாதி நாள் போனது. பெங் மீலியாவோடு சேர்த்து, இரவு விமானமும் வைத்தால் நடக்காது.

#15 சுமைதாங்கி

சாப்பாட்டுப் பக்கம் ஒரு எச்சரிக்கை. கையேட்டில் இலைக் குறி போட்டு 'சைவம்' என்றிருந்தாலும் மீன் சாறு, பிரஹோக் என்கிற புளித்த மீன் விழுது இரண்டும் காய்கறிப் பண்டத்திலும் போகும். இறைச்சி இல்லாததைச் சைவம் என்று எடுத்துக்கொள்வார்கள். மாமியார் சுத்த சைவம் என்றால் மீன் சாறும் வேண்டாமென்று சமைப்பதற்கு முன்பே சொல்லுங்கள். ஊருக்குள் இந்திய உணவகங்கள் இருக்கின்றன, கோயில் பக்கம் கிடையாது. பகலுக்குத் தயிர்சாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போவது நல்லது.

#16 நடைவண்டி

புதிய கையேடு வாங்குகிறவர்களுக்கு: இணையக் கடைகளில் போன மாதம் வெளியானது என்று மலிவாக வரும் புத்தகங்களில் நிறைய, இயந்திரத்தைக் கொண்டு எழுதவைத்தவை. அட்டையில் புது வருடம் இருக்கும், உள்ளே யாரும் போய்ப் பார்த்த சுவடு இருக்காது. மாதிரிப் பக்கங்களில் மூன்று பாருங்கள்: அளவுகோலோடு கூடிய வரைபடம் உண்டா, அங்கோர் வாட் சுவர்களை எந்தத் திசையில் பார்ப்பது என்று சொல்கிறதா, பாகானுக்குக் குழந்தைகளை விடமாட்டார்கள் என்று இருக்கிறதா. மூன்றும் இல்லையென்றால் உங்கள் பழைய நூலகப் புத்தகமே தேவலை.

#17 கல்தச்சன்

திருத்திய திட்டம். குலேன், கபால் ஸ்பியான், பாக்கெங், ஏரி நான்கையும் எடுத்துவிட்டேன்.

நாள் 1: காலை 8-க்கு ரோலுவோஸ் தொகுதி, ஊருக்குக் கிழக்கே 13 கி.மீ. பிரியா கோ, பாக்கோங், லோலே. 9-ஆம் நூற்றாண்டுக் கோயில்கள். அங்கோர் வாட் எங்கிருந்து வளர்ந்தது என்று முதல் நாளே கண்ணுக்குப் புரிந்துவிடும், கூட்டமும் இல்லை. 11.30-க்கு அறை. 1.45-க்கு அங்கோர் வாட், மேற்கு வாசல், வலப்பக்கம். 5 மணி வரை அங்கேயே.

நாள் 2: 7.30 தா புரோம். 9.15 பிரியா கான் – கிழக்கு வாசலில் இறக்கிவிட்டு மேற்கு வாசலில் வண்டியை நிற்கச் சொல்லுங்கள், திரும்பி நடக்க வேண்டியதில்லை. ஓய்வு. 3 மணிக்கு பாயோன், 4.45-க்குக் கிளம்பி பிரே ரூப். டிசம்பர் நடுவில் சூரியன் 5.40 வாக்கில் மறையும், கையேட்டில் 6.15 என்று இருந்தால் அது வேறு மாதத்துக் கணக்கு.

நாள் 3: 7 மணிக்குக் கார் (டுக்டுக் வேண்டாம், புழுதி), 8 மணிக்கு பந்தியாய் ஸ்ரே, 10.30 பெங் மீலியா, 1 மணிக்கு அறை, குளியல், சாப்பாடு, 4 மணிக்கு விமான நிலையம். உதயம் பார்த்தே ஆக வேண்டுமென்றால் நாள் 2-ல் நீங்களும் பையனும் மட்டும் 5.15-க்குப் போய் 7-க்கு தா புரோம் பக்கம் திரும்புங்கள், மாமியாரைக் கணவர் நேரே அங்கே கூட்டிவரட்டும்.

#18 மேகலை_திருச்சி

ரொம்ப நன்றி சார். ஒரே சந்தேகம்: முந்தின நாள் மாலை 5 மணிக்குச் சீட்டு வாங்கினால் அன்றைக்கே இலவசமாக உள்ளே போகலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

#19 கல்தச்சன்

விதி உண்மை. மறுநாள் தேதி போட்டுத் தருவார்கள், அன்று மாலையும் விடுவார்கள். ஆனால் டிசம்பரில் பயன் இல்லை: 5 மணிக்குச் சீட்டு வாங்கி பிரே ரூப் போய்ச் சேர்வதற்குள் வெளிச்சம் போய்விடும், மற்ற கோயில்கள் 5.30-க்கு அடைப்பு. ஜூனில் 6.30 வரை சூரியன் இருக்கும், அப்போது லாபம். உங்களுக்கு அதில் கிடைப்பது மறுநாள் காலை வரிசையில் நிற்காமல் இருப்பது மட்டும்தான்.

#20 சுமைதாங்கி

பாகான் மூடும் நாள் பார்க்க வேறெங்கும் தேட வேண்டாம். வீட்டு நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமி. அங்கே ஒரு நாள் முன்பின் ஆகலாம். முதல் நாள் பிற்பகல் அதில் விழுந்தால் நாள் 1-ஐயும் நாள் 2-ஐயும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.